தீர்ப்பும் அன்று, புதுமையும் அன்று

மாலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், திருப்பண்ட அறையின் வாயிலில் ஒருவர் தயங்கி நின்றார். பங்கில் மதிப்புள்ள குடும்பத்தவர். அவருடைய மகள் நான்கு மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை, சரியாக உண்பதில்லை, உறங்குவதும் இல்லை. "சாமி, வீட்டுக்கு வந்து அவள் தலையில் கைவைத்து ஜெபியுங்கள். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள்" என்றார். ஜெபிக்க வருகிறோம், ஆனால் நாளைக் காலையிலேயே அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், பிறகு நல்ல ஆற்றுப்படுத்துநர் ஒருவரையும் காணலாம் என்றோம். அவர் முகம் கறுத்தது. "எங்கள் பரம்பரையில் யாருக்கும் பைத்தியம் இல்லை, சாமி. நீங்களே நம்பிக்கை இல்லாமல் பேசினால் நாங்கள் எங்கே போவது?" என்று கேட்டுவிட்டு இருளில் நடந்தார்.

அந்தப் பெண் மருத்துவரைக் கண்டது ஓராண்டுக்குப் பின்னர்தான். இடையில் மூன்று திருத்தலங்கள், இரண்டு உபவாசக் கூட்டங்கள், ஊருக்கு வெளியே ஒரு மந்திரவாதி. இன்று அவள் நலமாக இருக்கிறாள், வேலைக்கும் செல்கிறாள். இழந்த ஓராண்டை அவளுக்கு யார் திருப்பித் தருவார்? (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.)

அந்தத் தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கம் அன்று. அவரை அப்படிப் பேசப் பழக்கியவர்கள் குருக்களாகிய நாமே. குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், கணவன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணிடம், "சிலுவையைப் பொறுமையோடு சுமந்துகொள், மகளே, அவன் மனந்திரும்ப ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்" என்று கூறி அனுப்பினோம். அடுத்த முறை அவள் கையில் மாவுக்கட்டோடு வந்தாள். நம் அறிவுரைக்கு மறைநூலில் ஆதாரம் தேட முடிந்தது. அவளுடைய எலும்புக்குத்தான் பாதுகாப்புத் தேட நமக்குத் தோன்றவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியலும் திருச்சபைச் சட்டமும் ஆண்டுக்கணக்கில் கற்றோம். துன்புறும் ஒருவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பதற்கு மட்டும் நாம் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் குறையோடுதான் இதை எழுதுகிறோம்.

ஜெபம் போதாதா?

இது முதல் மறுப்பு. ஜெபம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஜெபத்தை மருத்துவத்துக்குப் பகையாக நிறுத்தாதீர்கள் என்றே சொல்கிறோம். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நோயுற்றவன் மன்றாட வேண்டும் என்று கற்பிக்கும் அதே ஆசிரியர், அடுத்த மூச்சில் மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் படைத்தவர் ஆண்டவரே என்கிறார். அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில், பாலைவனத்தில் சாவை வேண்டிப் படுத்துக்கிடந்த எலியாவை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை குறைந்துவிட்டது என்று மறையுரை நிகழ்த்தவும் இல்லை. வானதூதர் அப்பமும் நீரும் கொடுத்தார். மீண்டும் உறங்க விட்டார். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். ஓரேபு மலையின் இறைக்காட்சி அதற்குப் பின்னரே வந்தது. உடலும் உள்ளமும் களைத்தவனுக்கு முதலில் வேண்டியது எது என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார். அவருடைய பணியாளர்களாகிய நாம் அறியவில்லை.

இது ஏதோ புதுமைவாதிகளின் கருத்து என்று எண்ண வேண்டாம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் அருள்பணிக் கொள்கைத் திரட்டின் 62ஆம் எண்ணில், மேய்ப்புப் பணியில் இறையியலோடு உளவியல், சமூகவியல் ஆகியவற்றின் முடிவுகளையும் பயன்படுத்துமாறு தெளிவாகப் பணித்தது. குடும்பங்களைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையும், பொதுநிலையினருக்குப் பயிற்சி அளித்து, உளவியலாரின் துணையையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. சங்கம் முடிந்து அறுபது ஆண்டுகள் ஆன பின்னும், 'பேய் பிடித்திருக்கிறது' என்பதே நம் பங்குகளில் முதல் நோயறிதலாக இருப்பது யாருடைய வெட்கம்?

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். அதைப் பிற சமயத்தாரின் குறை என்று சுட்டிக்காட்ட நமக்குத் தகுதி இல்லை. நம் திருத்தலங்களின் சுற்றுப்புறங்களிலும், அழைத்து வந்தவர்கள் விட்டுச் சென்ற மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு நவநாள் ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று நடந்திருக்கிறோம்.

பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே?

ஆம், இருக்கிறது, அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஒப்புரவு அருட்சாதனம் பாவத்தை மன்னிக்க ஏற்பட்டது. துயரம் பாவம் அன்று. மனச்சோர்வு பாவம் அன்று. சிறுவயதில் பிறர் இழைத்த கொடுமையின் நினைவு, இரவில் எழுப்பும் அச்சம், இறந்த பிள்ளையை மறக்க முடியாத தாயின் அழுகை, இவை எவையும் பாவமல்ல. பாவம் இல்லாத இடத்தில் பாவமன்னிப்பைக் கொடுத்து அனுப்பும்போது, 'இதுவும் என் குற்றம்தான்' என்ற எண்ணத்தை அவர்கள் நெஞ்சில் இன்னும் ஆழமாக ஊன்றிவிடுகிறோம்.

வாரந்தோறும் ஒரே சிறு குறையை அறிக்கையிட்டு, மன்னிப்புப் பெற்று, வாசல் தாண்டுமுன் ஐயுற்றுத் திரும்பும் மக்கள் எல்லாப் பங்குகளிலும் உண்டு. புனித இஞ்ஞாசியாரே மன்ரேசாவில் இத்தகைய மனச்சான்றுக் குழப்பத்தால் உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனை வரை சென்றவர். புனிதருக்கு வந்தது நம் பங்குமக்களுக்கு வருவதில் வியப்பு என்ன? பத்தாவது பாவசங்கீர்த்தனத்தால் தீராத ஐயம் பதினோராவதாலும் தீராது. எண்ணச் சுழல் நோயை நன்கு அறிந்த ஒருவரிடம் அவர்களை அனுப்புவதே அங்கு மேய்ப்பனின் கடமை.

ஊர் என்ன சொல்லும்?

உண்மையில் மற்ற மறுப்புகளுக்கெல்லாம் வேர் இதுதான். மகளுக்கு வரன் வராது, மகனின் வேலைக்கு இடைஞ்சல், சம்பந்தி வீட்டார் ஏளனம் செய்வார்கள். ஆகவே வீட்டுக்குள் ஓர் உயிர் மெல்ல மெல்ல அணைந்தாலும் சரி, தெருவுக்குத் தெரியக் கூடாது! நாம் கேட்கிறோம்: சவப்பெட்டி தெருவில் செல்லும்போது ஊருக்குத் தெரியாதா?

மறைத்து வாழத் தேவை இல்லை. மறைபொருள் காக்கப்படும் இடம் உண்டு. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் செய்திகளை வெளியிடலாகாது என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அளித்துள்ள உரிமை. பாவசங்கீர்த்தன முத்திரைக்கு எந்த விலக்கும் இல்லை. திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் விதி அதை மீறவொண்ணாதது என்கிறது. ஆற்றுப்படுத்துநரின் இரகசியத்துக்குச் சில விலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அவர் பேசியாக வேண்டும். குழந்தைமேல் பாலியல் கொடுமை நடந்திருந்தால், 2012ஆம் ஆண்டின் சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். நல்ல ஆற்றுப்படுத்துநர் இவற்றை முதல் நாளிலேயே எடுத்துச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அந்த அறையில் நடப்பது என்ன?

துணிந்து செல்பவர்களிலும் பலர் முதல் சந்திப்போடு நின்றுவிடுகின்றனர். காரணம், பஞ்சாயத்துக்குப் போவதுபோல் தீர்ப்பை எதிர்பார்த்துச் செல்கிறார்கள். அல்லது திருத்தலத்துக்குப் போவதுபோல் புதுமையை எதிர்பார்த்துச் செல்கிறார்கள். இரண்டும் அங்கு இல்லை.

'ஆற்றுப்படுத்துதல்' என்று நாம் வைத்துக்கொண்ட பெயரையே எண்ணிப் பாருங்கள். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வரும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வள்ளல் இருக்கும் ஊரையும், செல்லும் வழியையும், வழியில் உள்ள இடர்களையும் கூறுவான். அவனைத் தோளில் தூக்கிச் செல்ல மாட்டான். நடக்க வேண்டியவன் கேட்டவனே.

முதல் சந்திப்பு பெரும்பாலும் ஒரு மணி நேர அளவில் முடியும். நீங்கள் யார், என்ன தொல்லை, எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, உணவு எப்படி, வீட்டில் யார் யார், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று கேட்பார். கடைசிக் கேள்வி கேட்டு அஞ்ச வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. நெடுநாள் அடைத்து வைத்தவர்க்கு அது கதவு திறந்தாற்போல் இருக்கும். பிறகு, நீங்கள் விரும்பும் மாற்றம் என்ன என்று கேட்பார். பெத்சதா குளத்தருகே கிடந்த, முப்பத்தெட்டு ஆண்டுகளாய் நோயுற்றிருந்தவனிடம் இயேசு முதலில் கேட்டதும் நலம்பெற விருப்பமா என்பதே. எல்லாம் தெரிந்தவரே கேட்டுத்தான் தொடங்கினார்.

கணவனும் மனைவியும் சேர்ந்து சென்றால், 'யார்மேல் தவறு?' என்பதற்கு விடை கிடைக்காது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருந்து கேட்கப் பழக்கப்படுவீர்கள். பல வீடுகளில் இருபது ஆண்டுகளில் அதுவே முதல் முறையாக இருக்கும். ஆனால் அடிதடி உள்ள இடத்தில் இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பது ஆபத்து; அங்கே உண்மை பேசிய பெண் அன்றிரவே அதற்கு விலை கொடுப்பாள். அவளைத் தனியே காண வேண்டும்; அவளுடைய பாதுகாப்பே முதல் வேலை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கென இருக்கிறது. குடிக்கு அடிமையானவர் வர மறுத்தாலும் மனைவியும் பிள்ளைகளும் செல்லலாம், செல்ல வேண்டும். அவர் திருந்தும்வரை இவர்கள் வாழ்க்கையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று சந்திப்புகளுக்குப் பின் பாரம் கூடியதுபோல் தோன்றலாம். மூடிவைத்த புண்ணைக் கழுவும்போது எரியத்தான் செய்யும். பெரும்பாலும் வாரம் ஒருமுறை எனச் சில வாரங்களோ மாதங்களோ செல்ல நேரும். மருந்து தேவை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அது தோல்வி அன்று. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். சற்றுத் தெளிந்தவுடன் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. இவரிடம் மனம் ஒட்டவில்லை என்றால் வேறொருவரை நாடலாம். அதில் நன்றிகேடு இல்லை. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்பதும் உங்கள் உரிமை. மருந்தை நிறுத்திவிட்டு ஜெபி என்பவரிடமிருந்தும், முதல் நாளே முழு நலத்துக்கு உறுதி தருபவரிடமிருந்தும் விலகி வாருங்கள்.

பங்குகளே, விழித்தெழுக!

திருமணத்துக்கு முன் சில நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுக்கிறோம். பிறகு அந்தத் தம்பதியரை எப்போது தேடுகிறோம்? திருமணத் தீர்ப்பாயத்துக்கு மனு எழுத வரும்போது! இடையில் அவர்கள் தவித்த ஆண்டுகளில் பங்குக்கு வேலை இல்லையா?

பங்குத்தந்தையே எல்லாருக்கும் ஆற்றுப்படுத்துநர் ஆகிவிடலாம் என்பதும் மயக்கமே. பள்ளியின் தாளாளராக இருந்து ஓர் ஆசிரியரின் வேலையைக் கையில் வைத்திருப்பவரிடம், அந்த ஆசிரியரின் மனைவி எப்படி மனம் திறப்பார்? சான்றிதழில் கையெழுத்திடுபவரும், கல்லறைக்கு இடம் ஒதுக்குபவரும், வழக்குத் தீர்ப்பவரும் நாமாக இருக்கையில், நம் முன்னே எவர் அஞ்சாமல் பேசுவார்? கேட்ட துயரத்தைப் பெயர் சொல்லாமல் மறையுரையில் கதையாக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. முதல் வாக்கியத்திலேயே ஊர் ஆளைக் கண்டுகொள்ளும்.

ஆதலால் ஒவ்வொரு மறைவட்டத்திலும், பங்கு அலுவலகத்தின் வழியாக நுழையத் தேவையில்லாத ஓர் அறை வேண்டும். முறையாகப் பயிற்சி பெற்ற பொதுநிலையினர், சிறப்பாகப் பெண்கள், அதில் அமர வேண்டும். 2022இல் நடுவண் அரசு தொடங்கிய 14416 என்னும் இலவச மனநலத் தொலைபேசி எண்ணைத் திருமண ஓலைகள் ஒட்டும் பலகையில் ஒட்டுங்கள். அன்பியக் கூட்டங்களில் ஒருமுறையேனும் இதைப் பேசுங்கள்.

எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் மறைநூலை விளக்கியது பிறகு. முதலில் அவர்களோடு நடந்தார். என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். தமக்கு முன்பே தெரிந்த கதையை அவர்கள் வாயால் முழுதும் சொல்லும்வரை பொறுத்திருந்தார். நாம் விளக்கவுரையிலேயே தொடங்கி, கேட்பதைக் கைவிட்டோம்.

திருப்பண்ட அறையின் வாயிலில் நாளையும் ஒருவர் தயங்கி நிற்பார். அவர் தலைமேல் கைவைத்து ஜெபிப்போம். ஜெபித்த அதே கையால் வழியையும் காட்டுவோம்.