தாத்தாவுக்குத் தினமும் ஒரு படம்... தானாக மாறும் வால்பேப்பர்!

லேப்டாப் வாங்கிய அன்று கம்பெனி என்ன படம் வைத்துக் கொடுத்ததோ, அதே படத்தோடு காலம் தள்ளுபவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். மீதிப் பேர் ஒரே ஒருமுறை மாற்றியிருப்போம். டெஸ்க்டாப்பில் குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் இருக்கும். குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்!

இந்த வாரக் கேள்வி, திருவள்ளூர் மாவட்டம் அத்திப்பட்டிலிருந்து வந்திருக்கிறது. கல்லூரி மாணவி ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்.

"அக்கா, எங்க அண்ணனுக்கு ஸ்கூல்ல குடுத்த பழைய கவர்மென்ட் லேப்டாப் வீட்ல இருக்கு. தாத்தா அதுலதான் பழைய பாட்டு பார்ப்பாரு. என் போன்ல அஞ்சு வருஷமா எடுத்த போட்டோ நிறைய கெடக்கு. லேப்டாப்பைத் தொறந்தா தினமும் ஒரு போட்டோ, அதுவும் அதே தேதில முன்னாடி எடுத்தது, தானா வர்ற மாதிரி பண்ண முடியுமா? ஸ்லைடுஷோ போட்டுப் பார்த்தேன். பாதி நேரம் என் செல்ஃபியும், ஜெராக்ஸ் எடுக்க அனுப்புன ஆதார் கார்டும்தான் வருது! தாத்தாவுக்குக் கால் முடியல, ஆத்துப் பக்கம் போறதில்ல. ஆத்தங்கரை போட்டோ வந்தா அன்னிக்குப் பூரா அதைப் பத்தியே பேசிட்டு இருப்பாரு."

முடியும். பைசா செலவில்லை. பத்துப் பதினைந்து வரியில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போதும். ஸ்கிரிப்ட் என்றதும் பயப்பட வேண்டாம். "இதைச் செய், அது இல்லையென்றால் இதைச் செய்" என்று கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் துண்டுச்சீட்டுதான் அது.

கலிஃபோர்னியா மேடும் கொசஸ்தலை ஆறும்

வால்பேப்பரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. நீல வானமும் பச்சை மேடுமாக ஒரு படம் வருமே, அதன் பெயர் 'பிளிஸ்'. கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996-ல் எடுத்தது. கிராஃபிக்ஸ் இல்லை, நிஜமான இடம். பிரவுசிங் சென்டரில் தொடங்கி என் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேப் வரை எங்கே திரும்பினாலும் அந்த மேடுதான்.

அதே 2001-ல்தான் 'சிட்டிசன்' படம் வந்தது. வரைபடத்திலிருந்தே காணாமல்போன ஓர் ஊரின் கதை. படத்தில் வரும் அத்திப்பட்டி வேறு, நம் வாசகியின் அத்திப்பட்டு வேறு. ஆனாலும் ஊர்ப் பெயரைச் சொன்னால் "சிட்டிசன் ஊரா?" என்று கேட்காத ஆள் இல்லை. நிஜ அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டதும் அதே 2001-ல்தான். இப்போது அது காமராஜர் துறைமுகம். அதற்கு முன்பே, 1990-களில் வட சென்னை அனல் மின் நிலையம் வந்துவிட்டது. பிறகு கன்டெய்னர் யார்டுகள், லாரி வரிசைகள் என ஊரின் முகமே மாறிவிட்டது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் மேடு நம் எல்லோருக்கும் மனப்பாடம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் இருபது வருடங்களுக்கு முன்பு எப்படி இருந்தது என்று பேரன் பேத்திக்குக் காட்ட, அந்தப் பக்கத்து வீடுகளில் எத்தனை படங்கள் இருக்கும்? ஒருசில படங்கள் இருந்தாலும் பீரோவுக்குள் தூங்கும். அவற்றை எழுப்பத்தான் இந்த ஸ்கிரிப்ட்.

எட்டு எண்களில் இருக்கிறது சூட்சுமம்

போன் கேலரியில் ஒரு படத்தின் விவரங்களைத் திறந்து ஃபைல் பெயரைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 20230614 என்பது போல எட்டு எண்கள் சேர்ந்தாற்போல் இருக்கும். 2023, ஜூன், 14. இதில் கடைசி நான்கு எண்கள் 0614. இன்றைக்கு ஜூன் 14 என்றால், பெயரில் 0614 இருக்கும் படத்தைத் தேடி எடுத்து டெஸ்க்டாப்பில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சாதாரண ஸ்லைடுஷோவுக்கு இன்றைய தேதியைப் பார்த்துப் படம் எடுக்கத் தெரியாது. ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

மூன்று இடங்களில் கவனம் தேவை.

வாட்ஸ்அப்பில் வந்த படமா? அதன் பெயரில் இருப்பது பெரும்பாலும் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி இல்லை. படத்துக்குள் பதிவாகியிருக்கும் தேதி, இடம் போன்ற விவரங்களையும் வாட்ஸ்அப் நீக்கிவிடும்.

ஐபோன் படமா? பெயரில் வெறும் வரிசை எண்தான் இருக்கும். தேதியைப் பார்த்து நீங்களே பெயர் மாற்ற வேண்டும்.

ஆல்பத்தில் இருக்கும் பழைய படத்தை போனில் எடுத்தீர்களா? பெயரில் இன்றைய தேதி விழுந்துவிடும். படத்தின் பின்பக்கம் பேனாவில் எழுதிய தேதி இருந்தால் 19940614 என்று நீங்களே பெயர் கொடுங்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள்

'தினப்படம்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, பிடித்த படங்களை மட்டும் அதில் காப்பி செய்யுங்கள். ஸ்கிரிப்ட் இந்த ஃபோல்டரைத் தாண்டி எங்கேயும் போகாது. செல்ஃபி, ஆதார் கார்டு தொல்லை இதிலேயே தீர்ந்தது. பிறகு துண்டுச்சீட்டை இப்படி எழுதுங்கள்:

1. இன்றைய மாதத்தையும் தேதியையும் நான்கு எண்களாக எடுத்துக்கொள்.

2. 'தினப்படம்' ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் சேர்ந்தாற்போல் இருக்கும் எட்டு எண்களைக் கண்டுபிடி.

3. கடைசி நான்கு எண்கள் இன்றைய தேதியோடு பொருந்தும் படங்களைத் தனியாக எடு. ஒன்றுக்கு மேல் இருந்தால் குலுக்கல் முறையில் ஒன்று.

4. இதே தேதியில் படம் இல்லையென்றால், இதே மாதத்தில் எடுத்த ஏதாவது ஒன்று.

5. அதுவும் இல்லையென்றால், ஃபோல்டரில் இருக்கும் ஏதாவது ஒன்று.

6. அந்தப் படத்தை வால்பேப்பராக வைத்துவிட்டு வேலையை முடி.

நான்காவதும் ஐந்தாவதும் முக்கியம். ஃபோல்டரில் நூறு படம்தான் இருக்கிறது என்றால் வருடத்தில் முக்கால்வாசி நாளுக்குப் பொருந்தும் படமே இருக்காது. அந்த இரண்டு வரிகள் இல்லாவிட்டால் நேற்றைய படமே மாறாமல் நிற்கும்.

கோடிங் தெரிந்தவர் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இந்தச் சீட்டைக் கொடுங்கள். டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிவிடுவார். ஆள் இல்லையா? ஏஐ சாட்பாட்டிடம் இதே தமிழ் வரிகளைக் கொடுத்து, விண்டோஸ் என்றால் 'பவர்ஷெல்', லினக்ஸ் என்றால் 'பாஷ்' ஸ்கிரிப்ட்டாகக் கேளுங்கள். கூடவே "இதில் ஃபைலை அழிக்கும் வரியோ, இன்டர்நெட்டிலிருந்து எதையாவது இறக்கும் வரியோ இருக்கிறதா?" என்றும் கேட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு இரண்டுமே தேவையில்லை. முதல் முறை ஓட்டும்போது ஃபோல்டரில் நான்கைந்து காப்பிப் படங்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத தளத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும் 'வால்பேப்பர் சேஞ்சர்' எதையும் கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

தினமும் தானாக ஓட...

விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. எல்லோரும் செய்வது, காலை 6 மணி என்று நேரம் வைப்பது. ஊருக்குள்ளேயே அனல் மின் நிலையம் இருந்தாலும் காலை 6 மணிக்குத் தாத்தாவின் லேப்டாப் ஆனில் இருக்கும் என்று சொல்ல முடியாதே! அதனால் நேரத்துக்குப் பதிலாக 'லாக் ஆன் செய்யும்போது' என்று வையுங்கள். மூடியை மட்டும் சாத்தி வைக்கும் வழக்கம் என்றால் 'அன்லாக் செய்யும்போது' என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

லினக்ஸில் 'கிரான்' என்ற பழைய கருவி இதே வேலையைச் செய்யும். அதிலும் அதே சிக்கல்தான். குறித்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஆஃப் என்றால் அன்றைய வேலை விட்டுப்போகும். வீட்டு லேப்டாப்புக்கு 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் ஸ்கிரிப்ட்டைச் சேர்ப்பதே சுலபம்.

எங்கே சிக்கும்?

* பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டை டபுள் கிளிக் செய்தால் நோட்பேட்தான் திறக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்காதீர்கள். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் ஓடுவதற்கான அனுமதியை உங்கள் யூசர் கணக்குக்கு மட்டும் 'ரிமோட் சைன்டு' என்ற அளவில் கொடுத்தால் போதும். முழுவதும் திறந்துவிட வேண்டாம்.

* ஒரே பெயரில் படத்தை மாற்றி மாற்றி வைத்தால் விண்டோஸ் ஏமாற்றும். தன்னிடம் இருக்கும் பழைய பிரதியையே காட்டும். 'படம் மாறிவிட்டது' என்று விண்டோஸுக்குச் சொல்லும் வரி ஸ்கிரிப்ட்டில் இருக்க வேண்டும்.

* போனை நெட்டாகப் பிடித்து எடுத்த படத்தை 'ஃபில்' என்று வைத்தால் தலை வெட்டுப்படும். 'ஃபிட்' என்று வையுங்கள். இரண்டு பக்கமும் காலி இடம் வரும், பரவாயில்லை. முகம் முழுதாகத் தெரியும்.

* பிப்ரவரி 29-ல் எடுத்த படம் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் அதே தேதியில் வரும். பெயரில் 0228 என்று மாற்றிவிடுங்கள்.

அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது கிடைத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களுடையதில் என்ன விண்டோஸ் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்' என்று இருந்தால், அதில் வால்பேப்பரை மாற்றும் வசதியே கிடையாது! மைக்ரோசாஃப்ட் அந்த மலிவுப் பதிப்பில் அதை எடுத்துவிட்டது. எந்த விண்டோஸ் 7 என்றாலும் 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. அதில் பேங்க் வேலை எதுவும் பார்க்காதீர்கள்.

இப்படிக் கொடுத்த பல லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற நம் ஊர் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆன் செய்யும்போது அந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இந்த ஸ்கிரிப்ட்டுக்கு அதுவே தாராளம்.

போனில் மட்டும்தான் என்றால்...

ஐபோனில் வேலை சுலபம். ஐஓஎஸ் 16 முதல் லாக் ஸ்கிரீனில் 'போட்டோ ஷஃபிள்' இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுத்து 'தினமும்' என்று வைக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களின் வால்பேப்பர் செட்டிங்கிலும் இதுபோன்ற வசதி இருக்கிறது. பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சில ஆண்ட்ராய்டு போன்களில் லாக் ஸ்கிரீன் படம் ஏற்கெனவே தானாக மாறிக்கொண்டிருக்கும். பெங்களூரு இன்மொபி குழுமத்தின் 'கிளான்ஸ்' போன்ற சேவைகள் பல போன்களில் வாங்கும்போதே இருக்கின்றன. படம் அழகாக இருக்கும். தொட்டால் செய்தி, வீடியோ, விளம்பரம் என்று இழுத்துப் போகும். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதவர்கள் லாக் ஸ்கிரீன் செட்டிங்கில் நிறுத்திவிடலாம். காலையில் கண்விழித்ததும் முதலில் எதைப் பார்ப்பது என்பதை நாம் முடிவு செய்யலாமே.

ஒரிஜினலைத் தொடாதீர்கள்

கடைசியாக ஒன்று. பெயர் மாற்றுவது, வெட்டுவது எல்லாம் 'தினப்படம்' ஃபோல்டரில் இருக்கும் காப்பியில் மட்டும். ஒரிஜினல் படங்களை அப்படியே ஒரு பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ எடுத்து வையுங்கள். எடுத்த தேதியும் நேரமும் அதற்குள்தான் இருக்கின்றன.

அத்திப்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகவே புரியும். எண்ணூர் கழிமுகத்தின் நீர்ப்பரப்பு பழைய அரசு வரைபடத்தில் இருக்கிறது, பிறகு வந்த வரைபடத்தில் இல்லை என்று 2017-ல் பெரிய சர்ச்சையே எழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு அதே கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கறுத்துப்போயின. இப்படிப்பட்ட ஓர் இடத்தில், தேதியோடு பத்திரமாக இருக்கும் ஒரு போன் படம் வீட்டுக்கு நினைவு, ஊருக்குப் பதிவு.

ஆகவே தங்கச்சி, இந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது படத்தோடு ஆரம்பித்துவிடுங்கள். ஆற்றங்கரைப் படங்கள் கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும். படம் மாறியதும் தாத்தா பேச ஆரம்பிப்பார் என்றீர்களே, அப்போது போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்துவிடுங்கள். அந்த ஆடியோ ஃபைலுக்கும் படத்தின் அதே எட்டு எண்களைப் பெயராக வையுங்கள். படம் எங்கே எடுத்தது, கூட இருப்பது யார், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதெல்லாம் எந்த ஃபைலிலும் இல்லை. தாத்தாவிடம்தான் இருக்கிறது.