தோளில் துண்டு

ஜிம்முக்குப் புதுசாப் போற தம்பிகளே, தங்கைகளே! துண்டு எடுத்துட்டுப் போங்க. பெஞ்சில் விரித்துப் படுங்க, எழுந்ததும் வியர்வையைத் துடைங்க. காத்திருக்கிறவருக்கு செட்டுக்கு செட்டு வழிவிடுங்க. தூக்கிய தட்டுகளைக் கழற்றி இடத்தில் வையுங்க.

இந்தத் துண்டைத்தான் நம்ம பாட்டன் தோளில் போட முடியாமல் இடுப்பில் கட்டினான். பண்ணையில் வாய் திறந்தால் சவுக்கடி, சாணிப்பால். அதை நிறுத்த 1944இல் இதே மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 'வயல்ல உழைச்ச பரம்பரைக்கு எக்சர்சைஸ் எதுக்கு சார்?' என்று பேங்கில் ஒருத்தர் கேட்டார். அது பண்ணைக்காரனுக்குத் தூக்கியது, இது எனக்கு என்றேன்.

ஒன்றுதான் உறுத்துது. நூறு கிலோ தூக்குறவன் தட்டுகளை அப்படியே போட்டுட்டுப் போறான், கூட்டுற பையன் அடுக்குறான். பையன் எந்தத் தெரு என்று நான் சொல்லணுமா? நாமும் அப்படிப் பழகினால் வெட்கக்கேடு.

கடை, கிணறு, குளம், பொது இடம் எதிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாதென்று அரசமைப்புச் சட்டம் 15(2) சொல்கிறது. அதனால் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்காதீங்க. 'இன்னும் எத்தனை செட் பாக்கி?'ன்னு கேளுங்க. துண்டு தோளிலேயே இருக்கட்டும்.