உப்பளக் கூலியின் 4,497 ரூபாய்

ஐயா,

நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் பொறுப்பில் இருக்கும் தங்களுக்கு, விழுப்புரம் மாவட்டம் பெருமுக்கல் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். இதே விஷயத்தை முதலில் புகாராகப் பதிந்தோம். பிறகு தபாலில் மனுவாக அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வந்தது. மனுவுக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இதை நாலு பேர் அறிய எழுதுகிறேன். சட்டமும் விதியும் என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருப் பெண் ஒருவருக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவர் மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போய் அம்பாரத்தில் கொட்டுவது என்று கல்யாணமாகி வந்த நாள் முதல் இதே உழைப்பு. முட்டி தேய்ந்துவிட்டது. சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. "எடையைக் குறைம்மா, இல்லைன்னா முட்டி தாங்காது" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி அனுப்பினார்கள். ஐப்பசி மழையில் உப்பளம் தண்ணீரில் கிடக்க, வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது மகனின் பழைய போனில் ஓர் எடைகுறைப்புச் செயலியின் விளம்பரம் வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், "21 நாளில் 8 கிலோ குறையும், முட்டிவலி போயிடும், சர்க்கரை மாத்திரையே வேண்டாம்" என்று நல்ல தமிழில் பேசுகிறார். கட்டணம் ஒரு ரூபாய்.

ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ பின் நம்பரைப் போட்டார். அந்த ஒரு தடவையிலேயே, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபேக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். அதைச் சொல்லும் வரி அடியில், வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது. ஆளை அழைக்கும்போது தமிழ் பேசியவர்கள், பணம் எடுக்கும் வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் 1,499 ரூபாய் போனது. அடுத்த மாதம் இன்னொரு 1,499. அதற்கடுத்த மாதமும் அப்படியே. பணம் எடுக்கும் முன் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதுவும் ஆங்கிலத்தில்தான். அதில் செயலியின் பெயர்கூட இல்லை. எங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாத வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. 15,000 ரூபாய்க்குள் என்றால் மறுபடி பின் கேட்காது என்பது தங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

இத்தனைக்கும் அந்தச் செயலியை அவர் முதல் வாரமே போனிலிருந்து எடுத்துவிட்டார். முட்டி தேய்ந்த பெண்ணை அது குதிக்கச் சொன்னது. இரண்டு நாள் குதித்துப் பார்த்துவிட்டு எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார். செயலியை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அவருடைய கணக்கை நானே திறந்து பார்த்தேன். சேருவதற்குப் பளிச்சென்று ஒரு பட்டன் இருக்கிறது. விலகுவதற்கு எங்கே தேடியும் ஒன்றுமில்லை. உதவி என்பதைத் தொட்டால் ஓர் இயந்திரம் ஆங்கிலத்தில் பதில் அனுப்புகிறது. ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறது, எங்கள் ஆள் கூப்பிடுவார் என்கிறது. யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் யுபிஐ செயலிக்குள் போய் ஆட்டோபேயை நாங்களே நிறுத்தினோம். போன பணம் போனதுதான்.

பிறகுதான் புகார் கொடுத்தோம். கம்பெனி ஒரே வரியில் பதில் சொன்னது: வாடிக்கையாளர் ஒப்புதலோடு பெறப்பட்ட தொகை, திருப்பித் தர இயலாது. அந்த வரி வந்த கையோடு எங்கள் புகாரைத் தீர்க்கப்பட்டது என்று தங்கள் தரப்பில் குறித்து மூடிவிட்டார்கள். புகார் கொடுத்த பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐயா, ஏமாற்றியவன் பதில் எழுதினால் போதும், ஏமாந்தவளின் புகார் தீர்ந்துவிடுமா?

மொத்தம் 4,497 ரூபாய். அது அடுத்த உப்புக் காலத்துக்காக முதலாளியிடம் அவர் வாங்கியிருந்த முன்பணம். உழைத்துத்தான் கழிக்க வேண்டும். அதே முட்டியோடு, அதே பாத்தியில் இறங்கி, யாரோ ஒரு கம்பெனிக்காக அவர் உப்பு சுமக்கப் போகிறார்.

வழக்குப் போடலாமே, இணையத்திலேயே போடலாமே என்கிறார்கள். எந்தப் போனில் ஏமாந்தாரோ அதே போனில் அவர் வழக்குப் போட வேண்டுமா? விழுப்புரத்துக்கு நேரில் போனால் போகிற ஒவ்வொரு நாளும் கூலி போகும். இது அந்தக் கம்பெனிக்குத் தெரியும். வழக்குக்கு ஆகும் அலைச்சலைவிடக் குறைவாக ஒவ்வொருவரிடமும் எடுத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் தொகையை வைக்கிறார்கள்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய ஏமாற்று வடிவங்கள் 13ஐப் பட்டியலிட்டுத் தடுத்தது. சந்தாப் பொறியும் அதில் இருக்கிறது. 2025 ஜூனில், மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்று மின்வணிக நிறுவனங்களுக்கு அதே ஆணையம் அறிவுரை சொன்னது. ஏமாற்றுகிறவன் தன் ஏமாற்றைத் தானே எழுதிக் கொடுப்பான் என்று எந்த ஊரில் நம்புவார்கள்? அமெரிக்காவில் நூம் என்ற எடைகுறைப்புச் செயலி, சோதனைச் சலுகை காட்டித் தானாகப் பணம் பிடித்தது என்று தொடரப்பட்ட வழக்கை 2022இல் 5.6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. எல்.ஏ. ஃபிட்னஸ் உடற்பயிற்சிக் கூடங்களில் விலகுவதைக் கடினமாக்கி வைத்திருக்கிறார்கள் என்று 2025 ஆகஸ்டில் அந்நாட்டு வணிக ஆணையமே அவற்றை நடத்துவோர் மீது வழக்குப் போட்டது. அங்கே அதிகாரம் கையில் இருப்பவர் கம்பெனியைத் தேடிப் போகிறார். இங்கே உப்பு சுமக்கிறவள் உங்களைத் தேடி அலைகிறாள்.

பொய் சொல்லும் வெள்ளைக் கோட்டு இன்றைக்கும் எங்கள் ஊர்ப் போன்களில் பேசிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் ஒரு ரூபாய்தான் கேட்கிறார். அவரை நிறுத்த உங்களால் முடியும், எங்களால் முடியாது. மூடிய புகாரைத் திறங்கள். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுத் தமிழில் பேசுங்கள். மழை விட்டுப் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கிவிட்டால் விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார். அதற்குள் 4,497 ரூபாயும் அவர் கணக்குக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பெருமுக்கல்லிலிருந்து ஒருவன்