'மொழி ரீதியாக' என்றால் எதில்?



நம் தமிழ்ப்பள்ளி அறிக்கைகளில் ஒரு தொடர் தங்குதடையின்றி உலவுகின்றது: 'இம்மாணவர் மொழி ரீதியாகப் பின்தங்கியுள்ளார்.' படிப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் பொருள் என்ன?

'ரீதி' வடசொல், போக்கு, முறை என்று பொருள்படும். வடசொல் என்பதற்காக நான் அதனை வெறுக்கவில்லை. அந்தப் போரை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். என் வழக்கு வினையடையைப் பற்றியது. 'விரைவாக எழுதினான்' என்றால் எழுதிய விதம் விளங்குகின்றது. 'மொழி ரீதியாகப் பின்தங்கினான்' என்றால் எதுவும் விளங்கவில்லையே!

மலாயில் 'டாரி செகி பஹாசா' என்பர், ஆங்கிலத்தில் 'லிங்குயிஸ்டிக்கலி'. இவற்றைத் தமிழாக்க நேரும்போதெல்லாம் நம் கை தானாகவே 'ரீதியாக'வை எழுதிவிடுகின்றது. அந்த ஆங்கிலச் சொல்லோ இடத்திற்கேற்பப் பொருள் மாறுவது. இந்தியாவில் 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டன. மலாயும் தகாலோக்கும் மொழியியல் நோக்கில் ஒரே குடும்பத்தன. ஒரு மாணவியின் கட்டுரை மொழிநடையில் சிறந்திருக்கும். மூன்றிற்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்க, ஒரே முத்திரையைக் குத்துவது சோம்பலன்றி வேறென்ன?

சோம்பல் அகராதியோடு நின்றுவிட்டால் நான் வாளாவிருப்பேன். ஒரு பிள்ளை நன்றாகப் பேசுவான். எழுதும்போது ல, ழ, ள மயங்கும். இன்னொருத்தி பிழையின்றி எழுதுவாள். வாய்திறந்து வாசிக்க அஞ்சுவாள். மூன்றாமவனுக்கு வீட்டில் தமிழே இல்லை. பள்ளியில்தான் காதில் விழுகின்றது. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து எனத் திறன்களைப் பிரித்தே நம் கலைத்திட்டம் அமைந்துள்ளது. நாமோ மூவருக்கும் அந்த ஒரே தொடரை எழுதிக் கையொப்பமிடுகின்றோம். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின் ஆசிரியர் எழுதும் குறிப்பின் எடை கூடியிருக்கின்றது. அத்தொடரைப் படிக்கும் தாய், 'என் பிள்ளைக்குத் தமிழே வராது போலும்' என்று கருதித் தேசியப் பள்ளிக்கு மாற்ற நினைத்தால் பழி யாரைச் சாரும்?

'பேச்சில் தெளிவு உண்டு. எழுத்தில் ல, ழ, ள மயங்குகின்றன' என்றெழுத ஒரு வரி போதும். பெற்றோர்களே, அடுத்த அறிக்கையிலும் 'மொழி ரீதியாக' என்று கண்டால் தயங்காமல் ஆசிரியரிடம் 'எதில், ஐயா?' என்று வினவுங்கள். என் வகுப்புப் பெற்றோரும் என்னிடம் வினவலாம்.