மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

"இது சோதனை மருந்தா, டாக்டர்?" ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களிலிருந்து மனச்சோர்வுச் சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர் பலர் எங்களிடம் தயங்கியபடியே இதைக் கேட்கின்றனர். தயங்க வேண்டியதில்லை, கேட்கவேண்டிய கேள்வியே இது.

மனச்சோர்வு மருந்துகளின் தொடக்கம் பெரும்பாலும் தற்செயலானது. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரை மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்தாக 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் எழுதினர். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் 1950களில் பரவலாக வழங்கப்பட்டபோது, சிலருக்கு அதனால் மனச்சோர்வு உண்டானதாக மருத்துவர்கள் பதிவு செய்தனர். அதே காலத்தில், காசநோய்க்குத் தரப்பட்ட ஐப்ரோனயசிட் நோயாளிகளுக்கு உற்சாகம் அளித்தது. 1957 முதல் அது மனச்சோர்வுக்கும் பயன்பட்டது. ஆயினும் கல்லீரலைப் பாதித்ததால் 1961இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது.

சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன் 1957இல் அறிவித்த இமிப்ரமின் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. எனினும், அவர் பணியாற்றிய மருத்துவமனையில் நோயாளிகள் பலருக்கு முறையாக விளக்காமலே சோதனை மருந்துகள் தரப்பட்டதைப் பின்னாளைய வரலாற்றாய்வு வெளிக்கொணர்ந்தது. மருந்து பயன் தந்தது என்பதால் அச்செயல் முறையாகிவிடாது.

இன்று நாங்கள் வழக்கமாக எழுதித் தருபவை முறையான ஆய்வுகளுக்குப் பின் அனுமதி பெற்ற மருந்துகள். சோதனை மருந்தாயின், எழுத்து மூலமான ஒப்புதல் கட்டாயம் என்கின்றன 2019ஆம் ஆண்டு விதிகள். சிகிச்சை குறித்த தகவலைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்கு அளித்துள்ளது.

ஆகவே கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன? பக்கவிளைவுகள் யாவை? நூற்பாலையில் இரவுப்பணி செய்வோருக்குத் தூக்கக் கலக்கம் வருமா? நாட்டு மருந்து உட்பட, ஏற்கெனவே உட்கொள்பவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இம்மருந்துகளின் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் பலனில்லை என்றோ, குணமாகிவிட்டது என்றோ தாமாக நிறுத்துவது ஆபத்து. ஐயம் எழுந்தால் மருந்தை நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், அவரைத் தனியே விடாது உடனே அழைத்து வாருங்கள். டெலி மானஸ் 14416 எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.