வீக்கம் வடியட்டும், பொறுங்கள்!

சகோதரிகளே, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பதற்கு 'லைப்போசக்‌ஷன்' என்று பெயர். பட்டணத்துச் சமாசாரம் என்றிருந்தேன். எங்கள் ஓட்டப்பிடாரத்துக்கே வந்துவிட்டது! பக்கத்து வீட்டுப் பெண் சென்னையில் செய்துகொண்டு அம்மா வீட்டில் வந்து இருக்கிறாள். "வயித்தைக் குறைக்கப் போனவ, இப்பம் முன்னைய விட ஊதிப்போயில்லா வந்திருக்கா, மைனி!" என்று தாயார் புலம்பல்.

ஊதத்தான் செய்யும். உறிஞ்சுவதற்கு முன், மரத்துப்போகும் மருந்து கலந்த உப்பு நீரை நிறைய உள்ளே செலுத்துகிறார்கள். முதல் ஓரிரு நாள் அது துளைகள் வழியே இளஞ்சிவப்பாகக் கசியும். பழைய வேட்டியை மடித்துப் படுக்கையில் போட்டுக்கொண்டால் ஆயிற்று. கன்றிய நீலம் 2, 3 வாரத்தில் மறையும். வீக்கம் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் வடியும் என்றாலும், சரியான உருவம் தெரிய 3 மாதம், சிலருக்கு 6 மாதம்கூட ஆகும். அதுவரை கண்ணாடியோடு சண்டை வேண்டாம்! தோல் மரத்தாற்போல் இருப்பதும், உள்ளே கெட்டியாகத் தட்டுப்படுவதும் மெள்ள மெள்ளச் சரியாகும்.

டாக்டர் தரும் இறுக்கமான எலாஸ்டிக் உடுப்பு, நம் பக்கத்து வெக்கையில் தண்டனைதான். இருந்தாலும் அவர் சொன்ன வாரம் வரை விடாதீர்கள். இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் துவைத்து மாற்ற வசதி. கருவாட்டையும் ஊறுகாயையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும்.

பிள்ளை பெற்றவளைப்போல் படுக்கவைத்து விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காதது. அன்றைக்கே வீட்டுக்குள் மெதுவாக நடக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கலாம். சென்னையிலிருந்து இங்கே வர ஏறக்குறைய 600 கிலோமீட்டர். டாக்டர் சம்மதிக்காமல் பஸ் ஏறவே கூடாது.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், காய்ச்சல், தோல் சிவந்து பரவுதல் என்று எது கண்டாலும் விடியட்டும் என்றிராமல் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ஊர் என்ன பேசுமோ என்று ஆபரேஷனை மறைக்காதீர்கள். முதலில் அதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 2022 மே மாதம் பெங்களூரில், கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சையை அடுத்துக் காலமானபோது வயது 21தான்.

பச்சை உடம்புக்காரிகளும் என்னைக் கேட்கிறார்கள். இது எடை குறைக்கும் வழியல்ல. பிரசவத்தில் தளர்ந்த தோலையும் இறுக்காது. குழந்தை பால் மறக்கட்டும். குறைந்தது 6 மாதம் போனபின், வயிறு தானாக எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.