கடல் கடந்து வரும் ஆணை

பிள்ளையைத் திருப்பி அனுப்புக என இலண்டன் நீதிமன்றம் ஆணையிடுகிறது. பிள்ளையோ கோவையில், தாயின் மடியில் எனக் கொள்வோம். அந்த ஆணை இங்கே செல்லுமா?

2015இல் உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு, அயல்நாட்டு மன்றத்தின் ஆணைக்குப் பெருமதிப்பளித்தது. 2017இல் மூவர் அமர்வு அதனை ஏற்கவில்லை. குழந்தையின் நலனே தலையாயது, வெளிநாட்டு ஆணை கருதத்தக்கவற்றுள் ஒன்று, அவ்வளவே என்றது. நன்று! சீமை முத்திரையைக் கண்டதும் கைகட்டி நின்ற காலம் மலையேறிவிட்டது.

ஆனால், நலனை ஆராய எத்தனை ஆண்டுகள்? ஆட்கொணர்வு மனு, எதிர்மனு, மேல்முறையீடு! மழலை பேசி வந்த பிள்ளை அதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. பிரிந்திருக்கும் தந்தையின் முகம் மறக்கிறது. "வேரூன்றிவிட்டதே, எப்படிப் பிடுங்குவது?" என்கின்றனர் பிறகு. வேரூன்றும்வரை வழக்கை இழுத்தது யார்?

1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை ஆறு வாரத்துள் முடிவை எதிர்பார்க்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. கொடுமைக்கஞ்சி ஓடிவந்த தாயை அது கைவிடும் என்பர். அந்த அச்சம் பொய்யன்று. சேரவேண்டாம், சொந்தச் சட்டமாவது எங்கே? 2016இல் டில்லி வெளியிட்ட மசோதா வரைவு சட்டமாகவில்லை. தாயின் அச்சத்தையும் விசாரித்து, ஆறு வாரமன்றேல் ஆறு மாதத்துளேனும் தீர்ப்பளிக்குமாறு மன்றங்களுக்குக் கெடு விதிக்க டில்லிக்கு என்ன தடை?